ஓரங்குலம் உயர்ந்த குடும்பம்

எங்கள் பரம்பரையில் யாரும் தனக்கு முந்தினவர் போட்ட தரையைப் பெயர்த்தது கிடையாது. மரியாதை என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். பெயர்க்கிற கூலி ஒன்று, ரப்பீஸை அள்ளிக் கொட்டுகிற டிராக்டர் வாடகை ஒன்று என்று வீட்டுக்குள் கணக்குச் சொல்வோம். அய்யலூரில் எங்கள் வீட்டு நடையில் ஒரு மூலை பெயர்ந்து கிடந்தது. அங்கே குனிந்து பார்த்தால் குடும்ப வரலாறு முழுக்கத் தெரியும். அடியில் சாணி மெழுகிய மண்தரை. அதன்மேல் தாத்தா போட்ட சிவப்புத் தரை. அதன்மேல் அப்பா ஒட்டிய ஓரடிக்கு ஓரடி டைல்ஸ். எல்லாவற்றுக்கும் மேலே என் மனைவி திண்டுக்கல்லில் மீட்டர் கணக்கில் வாங்கி வந்து விரித்த பிளாஸ்டிக் மேட், மரப்பலகை டிசைன்.

இந்தக் கஞ்சத்தனத்துக்கு உலக அளவில் பூர்வீகம் உண்டு. துருக்கியில் சாத்தல்ஹொயுக் என்று ஒரு மேடு. சுமார் ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முந்தின ஊர். வீடு பழசானால் மேல்சுவரைத் தட்டி உள்ளே நிரப்பிவிட்டு, அதே இடத்தில் அடுத்த வீட்டைக் கட்டிக்கொண்டார்களாம். இப்படிப் பதினெட்டு அடுக்கு. 2012-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. எங்கள் வீட்டில் ஐந்தாவது அடுக்குக்கே அடிதடி.

எனக்குக் கிடைத்த சாக்கு, தெரு. தாத்தா காலத்தில் தெருவிலிருந்து வீட்டுக்கு மூன்று படி ஏறவேண்டும். அப்பா காலத்தில் இரண்டு. நான் தலையெடுத்தபோது ஒன்று. அதையும் படி என்று சொன்னால் படிக்கே சிரிப்பு வரும். படி தேயவில்லை, தெரு வளர்ந்தது. தார் போட்டார்கள், தாருக்கு மேல் ஜல்லியும் தாரும் போட்டார்கள், அதற்கு மேல் சிமெண்டு போட்டார்கள். தமிழ்நாடு முழுக்க இதுதான் நடப்பு. 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போடவேண்டும், சாலையின் மட்டம் உயரக்கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுதினார். எழுத்தாளர் என்பதால் அர்த்தம் தெளிவாகவே இருந்தது. அந்தச் செய்தியை அப்பா எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். "பாத்தியா, ரோட்டைச் சுரண்டச் சொல்லிட்டாங்க." அவர் வாசித்தது, தெருவுக்குச் சமமாகிவிட்ட திண்ணையில் உட்கார்ந்து.

போன ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. கூடவே யாருடைய செருப்போ ஒன்றும், ஊர்த் தக்காளி மார்க்கெட்டிலிருந்து விடுதலையான தக்காளி ஒன்றும் வந்தன. அன்றைக்கே அறிவித்தேன்: தரையை உயர்த்தப்போகிறேன்.

"எம்புட்டு?" என்றார் அப்பா.

"டைல்ஸ் மேலயே டைல்ஸ். ஓரங்குலம் ஏறும்."

"ரோடு ஒவ்வொரு வாட்டியும் அரையடி ஏறுது. நீ ஓரங்குலம் ஏறி யாரை செயிக்கப் போற?"

குடும்பத்தில் எந்த முன்னேற்றத்துக்கும் முதல் எதிர்ப்பு மூத்தவரிடமிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டேன். ஆறுதலாக இருந்தது.

இருக்கிற அடுக்குகளில் உசத்தி எது என்று கேட்டால், நான் கூசாமல் தாத்தாவின் சிவப்புத் தரையைத்தான் சொல்வேன். நடையிலும் கூடத்திலும் மட்டும்தான் அதை அப்பா மூடினார். அறையிலும் சமையல்கட்டிலும் அது அப்படியே இருந்தது. சிமெண்டில் ரெட் ஆக்சைடு பொடியைக் கலந்து, அடித்தளத்தில் ஈரம் போகுமுன் மெல்லிசாகப் பூசி, கரண்டியால் இழுத்து இழுத்துத் தேய்க்கவேண்டும். ஓர் அறையை ஆரம்பித்தால் அதே மூச்சில் முடிக்கவேண்டும். கொத்தனார் சாப்பாட்டுக்கு எழுந்து போனால், எந்த இடத்தில் எழுந்தார் என்பது ஆயுசுக்கும் தரையில் தெரியும். (எங்கள் சமையல்கட்டில் தெரிகிறது. அன்றைக்கு நல்ல விருந்து போலிருக்கிறது.) பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி ஊறவிட்டு, காய்ந்தபின் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்ப்பார்கள். மற்ற வீடுகளில் அத்தோடு விட்டார்கள். அப்பத்தா கடைசிவரை விடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பழந்துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அந்தத் தரையில் முகம் பார்க்கலாம். மழைநாளில் ஈரக்காலோடு வந்தவர்கள் முகத்தாலேயே பார்த்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் பாய் இல்லாமல் படுத்தால் முதுகெல்லாம் குளிரும்.

அப்பாவுக்கு அது பட்டிக்காட்டுத் தரை. தொண்ணூறுகளில் இந்த ஊரில் முதன்முதலாக டைல்ஸ் கண்ட வீடு நம்முடையதுதான் என்பது அவர் கட்சி. ஊரில் விசாரித்தால் எல்லார் வீட்டு அப்பாவும் அதே கட்சிதான்.

நான் எந்த வேலையையும் படித்துவிட்டுத்தான் இறங்குவேன். படித்த பிறகு இறங்கமாட்டேன் என்பது மனைவியின் கருத்து. பல இரவுகள் போனில் டைல்ஸ் ஒட்டும் வீடியோ பார்த்துத் தேர்ச்சி பெற்றேன். கரண்டியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் பல்லுக் கரண்டியின் பல் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இருக்கவேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இரண்டொரு தடவை சொன்னதாகவும் கேள்வி.

அந்த ஞானத்தை வீட்டுக் கூட்டத்தில் வைத்தேன். அமெரிக்காவில் பழைய வினைல் தரைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். பெயர்த்தால் தூள் பறந்து நுரையீரலுக்குள் போகும். அதனால் உடையாமல் இருக்கிற தரையைத் தொடாமல் மேலேயே புதுத் தரை போட்டு மூடிவிடுவது அங்கே சகஜம். ஆகவே நாமும் பெயர்க்கவேண்டாம்.

அம்மா கவனமாகக் கேட்டது. "அது நம்ம வீட்டுத் தரையில இருக்காய்யா?"

"தரையில இல்லம்மா. பின்னாடி ஆட்டுக் கொட்டகை ஷீட்டுல இருக்கு."

"அப்பக் கொட்டகையைப் பத்திப் பேசு. தரையை எதுக்கு இழுக்கிற?"

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. போயிருந்தால் என் கதி என்ன என்று சில சமயம் நினைத்துப் பார்ப்பதுண்டு.

திண்டுக்கல் கடையில் டைல்ஸ் தேர்ந்தெடுத்தது மனைவி. பில்லில் கையெழுத்துப் போட்டது நான். வெள்ளைக்குள் சாம்பல் நரம்பு ஓடுகிற டிசைன். "கராரா சார்" என்றார் விற்பனைப் பையன். கராரா இத்தாலியில் இருக்கிறது. மைக்கேலாஞ்சலோ 1504-இல் முடித்த தாவீது சிலைக்குக் கல் வந்த இடம். அந்தக் கல்லை டிஜிட்டலில் படம் எடுத்து, குஜராத்து மோர்பியில் களிமண் பலகைமேல் அச்சடித்து, ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் சுட்டு அனுப்புகிறார்கள். இந்தியாவின் டைல்ஸில் பெரும்பகுதி அந்த ஒரு வட்டாரத்தில்தான் வேகிறது. ஆக, நான் வாங்கியது இத்தாலி மலையின் போட்டோ. இரண்டடிக்கு இரண்டடி, பெட்டிக்கு நாலு. பெட்டியின்மேல் ஒரே பேட்ச் நம்பர் இருக்கிறதா, ஷேடு மாறுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பையனுக்கு என்மேல் மதிப்பு வந்தது. பெட்டியை வேனில் ஏற்ற ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னபோது அது போய்விட்டது. பெட்டி முப்பது கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

வேன் சாயங்காலம் வருவதற்குப் பதில் பொழுதுசாய்ந்து வெகுநேரம் கழித்து வந்தது. வண்டிக் கருப்பணசாமி கோயிலில் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாராம் டிரைவர். திருச்சி சாலையில் போகிற வண்டிக்காரர்கள் யாரும் கருப்பனிடம் சொல்லாமல் போவதில்லை. புது வண்டி வாங்கினால் பூசைக்கு நேரே அங்கேதான். பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு டைல்ஸ்கூட விரியவில்லை. உறையில் தெர்மாகோல் மூலை வைத்துக் கட்டியிருந்ததுதான் காரணம் என்றேன் நான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

எங்கள் பக்கத்துக் காடுகளைச் சேர்த்து 2022-இல் கடவூர் தேவாங்குச் சரணாலயம் அறிவித்தார்கள். கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டங்களிலுமாக 11,806 ஹெக்டேர்; தேவாங்குக்கென்று இந்தியாவிலேயே முதலாவது. ஒரு சாண் பிராணிக்கு அவ்வளவு இடம். தரைவேலை முடியும்வரை ஐந்து பேர், இரண்டு கட்டில், ஒரு பீரோ, ஒரு கிரைண்டர் அத்தனைக்கும் கிடைத்தது திண்ணை.

முதல் வேலை பிளாஸ்டிக் மேட்டைச் சுருட்டுவது. அதன்மேலேயே ஒட்டிவிடலாமே என்று பக்கத்து வீட்டு மாமா யோசனை சொன்னார். மெத்தென்று அமுங்குகிற எதன்மேலும் டைல்ஸ் நிற்காது. அடி அசைந்தால் மேலே விரிசல் விடும் என்று மாமாவுக்குப் பாடம் எடுத்தேன். சுருட்டினால், அடியில் ஈரமும் பூஞ்சையும். கூடவே காணாமல்போன ஹேர்பின்கள், ரேஷன் கடைச் சீட்டு, பையனின் நாலாம் வகுப்பு மார்க் ஷீட்டு. கடைசி மூலையில் மடிப்புக் கலையாத பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் ஆறு. 2016 நவம்பர் 8 ராத்திரியோடு செத்துப்போனவை. யார் வைத்தது என்று கேட்டேன். அம்மா உத்தரத்தைப் பார்த்தது. மனைவி அடுப்பைப் பார்த்தாள். அப்பா, அந்தச் சிறுவாட்டுப் பணத்தால் தனக்கு எந்த நஷ்டமும் இல்லை என்கிற நிம்மதியில் வெற்றிலை மடித்தார்.

டைல்ஸ் மேஸ்திரி வடமதுரைக்காரர். கையில் ஒரு கட்டை. அப்பாவின் டைல்ஸ் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போனார். அடியில் கலவை நிரம்பியிருந்தால் கெட்டிச் சத்தம். காலியாக இருந்தால் டொக்கு. டொக்கு விழுந்ததைப் பெயர்த்து நிரப்பாமல் மேலே ஒட்டினால், புதுசும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்துவிடும். டொக்கு கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். அப்பா ஈஸிசேரில் உட்கார்ந்து அத்தனை பெருக்கலையும் பார்த்தார். பத்தாங்கிளாஸ் கணக்குப் பரீட்சையில்கூட அவருக்கு அத்தனை தப்பு விழுந்திருக்காது.

"ஐயா, இது டொக்கு."

"டொக்கு இல்லப்பா. அடியில எலி வங்கு."

"இதுங்கய்யா?"

"அதுவும் எலிதான்."

கூடத்தில் முக்கால்வாசி எலிக்கு எழுதிவைத்தாயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மேஸ்திரி தட்டுமுன்பே "அதையும் தட்டுங்க" என்று விரலை நீட்டிக் காட்டினேன் என்பது அப்பாவின் புகார். அதை மறுப்பதற்கில்லை.

அறைக்குள் போனபோது மேஸ்திரிக்கு வேறு எதிரி. சிவப்புத் தரையில் எண்ணெய் ஏறியிருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. கட்டிங் மிஷினால் கோடு கிழித்து, உளியால் கொத்திவிட்டு, சொரசொரப்பாக்க வேண்டும். உளி வழுக்கியது. மறுபடி வைத்தார், வழுக்கியது. "யாருண்ணே இம்புட்டு எண்ணெய் விட்டது?" என்றார். அப்பத்தா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. வீட்டை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் முறை ஒட்டும்போது வந்தது. பழைய வழுவழுப்பின்மேல் சிமெண்டுப் பால் ஊற்றி ஒட்டினால் நிற்காது, பாலிமர் கலந்த ஒட்டுமாவுதான் வேண்டும், மூட்டையில் ஐஎஸ் 15477 என்று போட்டிருக்கிறதா பாருங்கள் என்றேன். "பாத்துரலாம்ணே" என்று சொல்லிவிட்டு, மூட்டையைப் பார்க்காமல் டைல்ஸை எடுத்துத் தண்ணீர் டிரம்மில் போட்டார். விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது, அதை ஊறவைத்து ஒரு புண்ணியமும் இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"குடிக்காட்டிப் போகுதுண்ணே. குளிச்சிக்கிட்டுமே."

பிறகு ரசமட்டத்தை வைத்தார். நீர்க்குமிழி ஒரு பக்கமாக ஓடி நின்றுகொண்டது. கூடம் கிழக்கே சரிந்திருந்தது. வீடு கழுவின தண்ணீர் தானாக ஓடட்டும் என்று தாத்தா வைத்த சரிவு. "மட்டமா வேணுமா, வாட்டமா வேணுமா?" என்று கேட்டார் மேஸ்திரி. மட்டம் என்றேன் நான். வாட்டம் என்றார் அப்பா. இரண்டும் இருக்கட்டும் என்றது அம்மா. மேஸ்திரி அம்மா பேச்சைக் கேட்டார். எப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குமிழி நடுவில் நிற்கிறது, தண்ணீரும் கிழக்கே போகிறது. கிழக்கோரத்தில் மாவு கூடுதலாக விழுந்ததற்கு மட்டும் என்னிடம் காசு வாங்கிக்கொண்டார்.

ஓரங்குலம் என்பது சின்ன அளவு என்று நினைக்கிறவர்கள் வீட்டில் இருக்கிற மற்றதெல்லாம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்று யோசித்ததில்லை. கதவு, படி, மேடை, சுவிட்சு, நிலை அத்தனையும் தரையிலிருந்துதான் கணக்கு. நான் எதையும் தொடவில்லை, தரையை மட்டும்தான் உயர்த்தினேன். வீட்டிலிருந்த அத்தனையும் அன்று ஓரங்குலம் இறங்கிவிட்டது.

நிலைதான் முதலில் என்னைத் தேடி வந்தது. பழைய வீட்டு நிலைகள் ஆறடிக்கு மேல் இருப்பது அபூர்வம். எங்களுடையது ஏற்கெனவே அதற்கும் கீழே. நான் அதுவரை தலைமுடி உரசாமல், ஒருவகை கம்பீரத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்தவன். இப்போது நெற்றியில் நிரந்தரமாக ஒரு புடைப்பு. "வீட்டுக்குள்ள வர்றப்பக் குனிஞ்சு வா, நல்லதுதான்" என்கிறது அம்மா. மாடிப்படியில் எல்லாப் படியும் ஏழங்குலம், அடிப்படி மட்டும் ஆறு. ஒரு வரிசைப் படிகள் ஒரே உயரம் இருக்கவேண்டும் என்பதைக் கட்டடக்காரர்கள் விதியாகவே வைத்திருப்பது ஏன் என்று இறங்கும்போது புரியும். கால், இன்னும் ஓரங்குலம் இருக்கிறது என்று நம்பி இறங்கும். இருக்காது. பல்லோடு பல் மோதும் சத்தம் சமையல்கட்டுவரை கேட்கும். "வந்துட்டாரு" என்று தோசைக்கல்லைப் போடுவாள் மனைவி. குளியலறைக்குள் ஓரங்குலம் இறங்கினவர்கள் இப்போது இரண்டங்குலம் இறங்குகிறோம்.

அம்மாவின் துக்கம் வாசல்படி. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற மரப்படி. உள்பக்கம் தரைக்கு மேலே கட்டைவிரல் உயரம் நின்றது, இப்போது தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. கோயில்களிலேயே இது நடந்திருக்கிறது, பிரகாரத்தை உயர்த்தி உயர்த்தி எத்தனையோ இடத்தில் அதிட்டானமும் அதிலிருந்த கல்வெட்டும் தரைக்குள் போய், பிற்பாடு தோண்டி எடுத்தார்கள் என்று சமாதானம் சொன்னேன். "அப்ப நம்ம படியை எப்பத் தோண்டி எடுப்ப?" என்றது.

கதவுக்கு ஆசாரி வந்தார். மரக்கதவை அடியில் இழைத்துவிட்டார். கூடம் முழுக்க ஒட்டி முடியுமுன் அவரை வரச்சொன்னதால், பாதுகாப்புக்கு என்று அரையங்குலம் சேர்த்தே இழைத்துவிட்டார். அந்தச் சந்து வழியே கரப்பான் வந்தது. கரப்பானைத் தடுக்கக் கதவின் அடியில் ரப்பர் பட்டை அடித்தோம். ரப்பர் அடித்ததும் கதவு சாத்தவில்லை. புழக்கடை இரும்புக் கதவை இழைக்கமுடியாது. வெல்டிங்காரர் வரும்வரை அது பாதி திறந்தபடி, பாதி மூடினபடி, எங்கள் பொதுவான மனநிலையில் இருந்தது. பீரோ பழைய இடத்துக்குப் போகவில்லை, பரண் இடித்தது. ஆகவே அது கூடத்துக்கு வந்து, வாசலுக்கு நேரே கண்ணாடியைக் காட்டிக்கொண்டு நின்றது.

அன்று வியாழக்கிழமை. வியாழன் என்றால் அய்யலூரில் ஆட்டுச் சந்தை. ஆடு, கோழி, சண்டைச் சேவல் என்று விடியுமுன்பே ஊர் நிரம்பிவிடும். விற்றதும் வாங்கினதுமாக எங்கள் தெரு வழியே போவார்கள். புதுத் தரையில் அன்றைக்குத்தான் ஆளைப் புழங்கவிட்டிருந்தோம். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து, "நல்லாருக்கு, வழுக்குமோ?" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரு கிடா வந்தது. முன்பெல்லாம் மூன்று படியும் உயர்ந்த வாசல்படியும் இருந்த வீடு. கிடாவுக்கு இப்போது தெருவுக்கும் கூடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உள்ளே நேர் எதிரே இன்னொரு கிடா தன்னையே முறைத்துக்கொண்டு நின்றது. தலையைத் தாழ்த்தி ஓடி வந்தது. கராராவில் கால் வைத்ததும் நாலு குளம்பும் நாலு திசைக்குப் போக, வயிற்றால் வழுக்கிக்கொண்டே போய் பீரோவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. தரையின் வழவழப்புக்கு அதைவிட நேர்மையான சான்றிதழ் கிடைக்காது.

பின்னாலேயே ஆட்டுக்காரர் ஓடிவந்தார். கிடாவின் கொம்பைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றவர், தரையைச் சுற்றிப் பார்த்தார். சந்தைக்காரருக்குப் பார்த்ததை மதிப்புப் போடாமல் நகர முடியாது. "சதுரடி என்ன ஆச்சு?" என்று கேட்டார். சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். கையிலிருந்த மூங்கில் குச்சியால் பீரோவுக்கு முன்னால் ஒரு டைல்ஸைத் தட்டினார். பக்கத்து டைல்ஸைத் தட்டினார். மறுபடி முதல் டைல்ஸைத் தட்டினார்.

"இங்கன ஒரு டொக்கு இருக்குதேண்ணே."

"எலி வங்கா இருக்கும்" என்றேன்.

ஈஸிசேரிலிருந்து அப்பா எழுந்தார். அவர் அத்தனை வேகமாக எழுந்து பார்த்து வருஷக்கணக்காகிறது. நேரே ஜன்னல் திட்டுக்குப் போய், மேஸ்திரி விட்டுப்போன சாக்பீஸைத் தேட ஆரம்பித்தார்.